அகலமான கடல் திறந்தது, குறுகிய கடல் அடைபட்டது

லண்டன் ஜூபிலி லைனில் கில்பர்னில் ஏறினால் ஐந்தாவது நிலையம் கிங்ஸ்பரி. கில்பர்ன் நெடுங்காலமாக ஐரிஷ்காரர்களின் பேட்டை. கிங்ஸ்பரி ரோட்டில் இலங்கைத் தமிழர் கடைகளைப் பார்க்கலாம். இரு கூட்டத்தாரும் கடல் தாண்டி வந்தவர்கள். இருவர் ஊரிலும் கப்பலோடு சேர்ந்த ரயில் ஒன்று ஓடியது.

ஐரிஷ்காரர் அயர்லாந்தின் டன் லேரியில் கப்பல் ஏறி, வேல்ஸின் ஹோலிஹெட்டில் இறங்கி, ரயிலில் லண்டன் யூஸ்டன் வருவார். தமிழருக்கு போட் மெயில். 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின், எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடித் துறையில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்து, கொழும்புக் கோட்டையில் போய் இறங்கலாம். மொத்தத்துக்கும் ஒரே டிக்கெட். கடல்வழி ஏறத்தாழ 35 கிலோமீட்டர். ஹோலிஹெட் பாதையோ 100 கிலோமீட்டர்.

கோஷன், இர்வின் என்று கவர்னர், வைஸ்ராய் பெயர் சூட்டிய அந்தக் கப்பல்களில் செட்டியார்கள் போனார்கள்; சென்னைக் கல்லூரிகளில் படிக்க யாழ்ப்பாணப் பிள்ளைகள் வந்தார்கள். அதற்கு முன்பே, 1864-இல், யாழ்ப்பாணம் நல்லூரைச் சேர்ந்த ஆறுமுக நாவலர் சிதம்பரத்தில் பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தார். அவருக்கு அது அந்நிய நாடாகத் தெரிந்திருக்காது.

ஆனால் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளிக்கு இந்தப் பாதை வேறு மாதிரி இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் கையில் இருந்தது ஒரு தகர வில்லை. அதில் பொறித்த எழுத்தும் எண்களும் எந்த மாவட்டம், எந்தத் தோட்டம் என்று சொல்லும். அதைக் காட்டினால் காசில்லாமல் தோட்டம் வரை போகலாம். வழிச்செலவு பிறகு அவர் தலையில் கடனாக ஏறும். கப்பல் ஏறுமுன் மண்டபம் முகாமில் தொற்றுநோய்க்குப் பயந்து சில நாள் நிறுத்திவைத்துச் சோதிப்பார்கள். இந்திய மண்ணில் இருந்தாலும் அது இலங்கை அரசு நடத்திய முகாம்.

1949-இல் இரண்டு கடல்களின் விதியும் பிரிந்தது. ஏப்ரலில் அயர்லாந்து குடியரசாகி காமன்வெல்த்தை விட்டே வெளியேறியது. ஆனாலும் அதை அந்நிய நாடாகக் கருத மாட்டோம் என்று பிரிட்டன் சட்டம் போட்டது. அதே ஆண்டு நவம்பரில் இலங்கையின் குடிவரவுச் சட்டம் அமலுக்கு வந்தது. இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த்துக்குள்ளேயே இருந்தன. கதவு சாத்தப்பட்டது அங்கேதான். முந்தைய ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டங்களில் உழைத்த லட்சக்கணக்கான மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியிருந்தது.

போட் மெயிலைப் புயல் கொண்டுபோனது என்பார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது உண்மைதான். ஆனால் அதன் பிறகும் ராமேஸ்வரத்திலிருந்து 'ராமானுஜம்' கப்பல் தலைமன்னாருக்கு ஓடியது. இரு நாட்டுப் பிரதமர்கள் செய்துகொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகக் குடும்பங்கள், பார்த்தே இராத ஊர்களுக்கு அதில்தான் வந்து இறங்கின. 1980-களில் போர் அதையும் நிறுத்தியது.

ஐரிஷ் பாதையிலும் முள் இருந்தது. 1940 முதல் 1952 வரை பயண அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 1974-க்குப் பிறகு பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பேரில் துறைமுகங்களில் பலரை நிறுத்தி விசாரித்தார்கள். ஆனாலும் பிரிட்டனுக்கு வந்து வாழும் உரிமை போகவில்லை. 1962-இல் காமன்வெல்த் மக்களுக்கு பிரிட்டன் கட்டுப்பாடு கொண்டுவந்தபோதும் ஐரிஷ்காரரை நடைமுறையில் தடுக்கவில்லை. பிரெக்ஸிட் வந்தபோது, 2019 மே மாதம், இரு அரசுகளும் அந்த உரிமையை மறுபடி எழுதி உறுதிசெய்துகொண்டன.

தமிழருக்கு அந்தப் பரிவு கிடைக்கவில்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் உயிருக்கு அஞ்சி வந்தவர்கள் பெருகியதும், 1985 மே மாதம் இலங்கையர் விசா இல்லாமல் வரக்கூடாது என்றது பிரிட்டன். காமன்வெல்த் நாடொன்றின் மீது பிரிட்டன் போட்ட முதல் விசாக் கட்டுப்பாடு அதுதான். 1987 பிப்ரவரியில் திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர் சிலர் ஹீத்ரோவில் சட்டையைக் கழற்றிப் போட்டுப் போராடினார்கள். அந்த ஆண்டே, உரிய தாளில்லாத ஒவ்வொரு பயணிக்கும் விமான நிறுவனம் 1,000 பவுண்டு கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். நல்ல தொடக்கம். ஆனால் பழைய பாதையையும் மறந்துவிடக் கூடாது. 2015-இல் தலைமன்னார் வரை ரயில்பாதை மறுபடி திறந்தது; 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலமும் திறந்தாகிவிட்டது. இரு கரையிலும் ரயில் தயார். இடையில் விட வேண்டியது ஒரு கப்பல்தான்.