இளைஞர் அமைப்புகளின் கதை – 9: 35 வயதைத் தாண்டினால் இடமில்லை!

1988 மார்ச் 30. ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்டில், சட்ட மாணவர்கள் தங்கிப் படிக்கும் பீபோ விடுதியில் 37 பேர் கூடி ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். பெயர், இளம் ஜனநாயகவாதிகள் கூட்டணி. ஹங்கேரிய மொழிச் சுருக்கத்தில் ஃபிடெஸ்.

அன்றைக்கு அது சாதாரணக் காரியமல்ல. நாட்டில் இளைஞர்களுக்கென்று இருந்தது கம்யூனிஸ்ட் இளைஞர் சங்கம் ஒன்றுதான். ஆனால், கூடியவர்களில் பலர் சட்டம் படித்தவர்கள். 'சங்கம் அமைக்கும் உரிமை அரசியல் சாசனத்திலேயே இருக்கிறதே' என்று அரசின் புத்தகத்தைக் கொண்டே அரசை மடக்கினார்கள். அடுத்த மாதமே சிலரைக் கூப்பிட்டு அதிகாரிகள் எச்சரித்தார்கள். யாரும் மசியவில்லை. 1989 ஜனவரியில் சங்கம் அமைக்கும் உரிமைக்குத் தனிச் சட்டமே வந்துவிட்டது.

அமைப்பின் விதிகளிலும் அந்தத் துடுக்கு இருந்தது. 35 வயதைத் தாண்டியவர்களுக்கு உறுப்பினர் அட்டை கிடையாது. தலைவர் என்று தனியாக ஒருவரும் கிடையாது. எல்லாம் குழு முடிவு.

1989 ஜூன் 16. 1956 புரட்சியின்போது பிரதமராக இருந்து, பின்னர் தூக்கிலிடப்பட்ட இம்ரே நாகியின் உடல் மறுஅடக்கம் செய்யப்பட்ட நாள். மாவீரர் சதுக்கத்தில் திரண்டிருந்த பெருங்கூட்டத்தின் முன், தாடி வைத்த 26 வயது இளைஞர் ஒருவர் சோவியத் படைகள் வெளியேற வேண்டும் என்று முழங்கினார். அவர்தான் ஃபிடெஸ் நிறுவனர்களில் ஒருவரான விக்டர் ஓர்பன்.

1990 தேர்தலில் இவர்கள் ஒட்டிய சுவரொட்டி இன்றும் பேசப்படுகிறது. மேலே, சோவியத் தலைவர் பிரெஷ்னெவும் கிழக்கு ஜெர்மனித் தலைவர் ஹோனெக்கரும் உதட்டோடு உதடு முத்தமிடும் படம். கீழே, இளம் காதலர்களின் முத்தம். எது வேண்டுமோ தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் வாசகம். 22 இடங்கள் கிடைத்தன. 1992-ல் உலக லிபரல் கட்சிகளின் கூட்டமைப்பிலும் சேர்ந்தார்கள்.

திருப்பம் 1993-ல் வந்தது. வயது வரம்பு நீக்கப்பட்டது. தலைவர் பதவி புதிதாக உருவாக்கப்பட்டு, ஓர்பன் அதில் அமர்ந்தார். கட்சியை வலதுபக்கம் நகர்த்துவதில் அவருக்கும் சக நிறுவனர் காபோர் ஃபோடருக்கும் முட்டிக்கொண்டது. லிபரல் பாதையிலேயே நிற்க விரும்பிய ஃபோடர், அதே ஆண்டு வெளியேறினார்.

1994 தேர்தலில் ஃபிடெஸ் 20 இடங்களோடு நின்றது. ஆளும் வலதுசாரிக் கட்சியும் சரிந்து, அந்தப் பக்கம் பெரிய வெற்றிடம் விழுந்தது. ஓர்பன் அதை நிரப்பப் புறப்பட்டார். 1998-ல் பிரதமரானபோது அவருக்கு வயது சரியாக 35. இரண்டே ஆண்டுகளில், கட்சி லிபரல் கூட்டமைப்பிலிருந்தும் விலகிக்கொண்டது.

யார் உள்ளே வரலாம் என்பதற்கு அந்த 37 பேர் கறாராக விதி எழுதினார்கள். உள்ளே வந்தவர்கள் கொள்கையைக் கைவிட்டால் யார் தடுப்பது என்பதற்கு அவர்களிடம் வழி இல்லை. கட்டுக்கோப்பான அமைப்பு பிழைத்தது. அதைக் கட்டவைத்த கொள்கைதான் தங்க இடமில்லாமல் போனது.

அடுத்த வாரம்: கல்கத்தா இந்துக் கல்லூரியை ஆட்டிவைத்த இளம் ஆசிரியர் டிரோசியோ.

(தொடரும்)