தண்டல்

தோட்டத்தில் துரை, கிராணி, கங்காணி என்று இறங்கி வந்தால் கடைசியில் தண்டல். விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணி, நிரை பிரித்துவிட்டு, மரத்தை ஒழுங்கா வெட்டுறாங்களான்னு பார்ப்பவர். மலாய் மொழியும் இவரைத் 'தண்டில்' என்று சேர்த்துக்கொண்டது.

தண்டு என்றால் வசூலி. வரி தண்டல் பழைய வழக்கு; சென்னையில் தண்டல் என்றால் இன்றைக்கும் தினக்கடன். கப்பலிலோ லஸ்கர் மாலுமிகளின் தலைவன் தண்டல். ஆங்கிலேயர் வாயில் அவன் 'டிண்டல்'. தோட்டத்துக்கு வந்தவர் கப்பல்காரர் என்றே எனக்குப் படுகிறது. இருவரும் மேய்த்தது ஆட்களை, பணத்தை அல்ல.

பீடோங் பக்கத்தில் எங்க தாத்தா தண்டல். பாட்டிக்கு அதில் ஏகப் பெருமை. ஆனால் அதே லயத்தில் இருந்த இன்னொரு பாட்டி, "தண்டல் வூட்டுப் பேரனா நீ?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எப்போதோ வெட்டுப்பட்ட அரைநாள் சம்பளம் அவருக்கு ஞாபகம் இருக்கு.

சுங்கைப்பட்டாணியில் கட்டுமானத் தளத்தில் நான் பொறியாளர். வங்காளதேசத் தொழிலாளர்கள் என்னை 'மண்டோர்' என்கிறார்கள். போர்த்துக்கீசியரிடமிருந்து மலாய்க்கு வந்த சொல். தண்டலுக்கு அதே அர்த்தம். நேற்று தாமதமாக வந்த ஒருவருக்கு அரைநாள் போட்டேன்.