பெட்டி இல்லாத டிஸ்க்கும் பேர் இல்லாத தேயிலையும்

போன வருசம் என் லெப்டொப்புக்கு ஒரு எஸ்.எஸ்.டி. தேவைப்பட்டது. ஆய்வுக் கட்டுரை எழுதுகிற நேரம். பழைய ஹார்ட் டிஸ்க் திறக்கவே பத்து நிமிசம் எடுக்கும். கலவானயில் இருந்து பஸ் ஏறி இரத்தினபுரிக்குப் போனேன். கடைக்காரர் ரெண்டு சாமானை எடுத்து மேசையில் வைத்தார். ஒரே கம்பனி, ஒரே அளவு. ஒன்று முத்திரை போட்ட பெட்டியில் இருந்தது. மற்றது வெறும் வெள்ளி நிற உறையில்.

"மல்லி, ரெண்டும் ஒன்னுதான். இது பெட்டியோட வந்தது, அது ஓ.ஈ.எம். மூவாயிரம் கொறவு."

மூவாயிரம் ரூபா எங்க வீட்டில் சின்னக் காசு இல்லை. உறையை எடுத்துக்கொண்டு வந்தேன். ஏழாவது மாசம் அது செத்துப்போனது, ரெண்டு அத்தியாயத்தையும் கூட்டிக்கொண்டு. கடையில் கேட்டால், பில்லில் மூன்று மாச வொரண்டிதான் இருக்கிறது என்றார்கள். சரி, செய்த கம்பனியிடமே கேட்போம் என்று அவர்களுடைய தளத்தில் சீரியல் நம்பரைப் போட்டேன். இந்தப் பொருள் வேறொரு கணினிக் கம்பனிக்கு விற்கப்பட்டது, அவர்களைத் தொடர்புகொள்ளவும் என்று பதில் வந்தது. அந்தக் கம்பனி எது என்று அதில் இல்லை.

ஒரே தொழிற்சாலை, ஒரே பொருள். ஒன்றுக்கு மட்டும் செய்தவர் பதில் சொல்கிறார், மற்றதுக்குச் சொல்லமாட்டார். இந்தப் பிரிவு எங்கே இருந்து வந்தது? கலைப்பீடத்துப் பிள்ளை இதைக் கேட்டால் வரலாற்றுக்குத்தான் போவேன்.

முதலில் ஒரு தேயிலைக் கதை

ஓ.ஈ.எம். என்பதை "மூல உபகரண உற்பத்தியாளர்" என்று மொழிபெயர்க்கலாம். அதனால் ஒன்றும் விளங்காது. கடைப் பேச்சில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இன்னொரு கம்பனி வாங்கி, தன்னுடைய மெசினுக்குள் பொருத்தி, தன் பேரில் விற்பதற்காக மொத்தமாகக் கொடுக்கப்பட்ட சாமான். ரீடெய்ல் என்பது கடைசியில் பாவிக்கிற ஆளுக்கென்றே பெட்டி கட்டி வருவது.

எங்க பக்கத்து ஆட்களுக்கு இது புதுசு இல்லை. பெக்டரியில் செய்த தூள் பெரிய மூட்டைகளில் கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. 1883இல் தொடங்கிய ஏலம் அது. வாங்குகிறவர் நாலு தோட்டத்துத் தூளைக் கலந்து, பக்கெட் கட்டி, தன் பேரை ஒட்டுகிறார். 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் பெரிய ஆள் ஆனதும் பக்கெட்டில்தான். கொழுந்து பறித்தவர் பேரோ தோட்டத்தின் பேரோ சாதாரணமாக அந்தப் பக்கெட்டில் இருக்காது. தேயிலை உலகத்தில் நாங்கள் ஓ.ஈ.எம். சப்ளையர்.

அந்தப் பக்கெட் எதற்கு வந்தது என்பதுதான் இங்கே முக்கியம். 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இங்கிலாந்துக் கடைகளில் தேயிலையை அள்ளி நிறுத்துத்தான் விற்றார்கள். அதில் ஒருதரம் ஊற்றிய இலையைக் காயவைத்துக் கலப்பதும், வேறு செடியின் இலையைக் கலப்பதும் நடந்தது. 1826இல் ஜோன் ஹோர்னிமன் என்ற வியாபாரி முத்திரையிட்ட பக்கெட்டில் தேயிலை விற்கத் தொடங்கினார். உள்ளே இருப்பதற்கு நான் பொறுப்பு என்று ஒருவர் பேர் போட்டுச் சொல்வதுதான் அந்த முத்திரை. பெட்டியை நாங்கள் அலங்காரம் என்று நினைக்கிறோம். தொடக்கத்தில் அது ஒரு வாக்கு.

கணினிக்குள் இந்த முறை வந்த விதம்

1965இல் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பனி பி.டி.பி-8 என்ற சின்னக் கணினியை 18,000 டொலருக்கு விற்றது. அந்தக் காலத்துக்கு அது மலிவு. அதை வாங்கியவர்களில் நிறையப் பேர் வேறு கம்பனிக்காரர். ஆய்வுகூடக் கருவிக்குள்ளும் தொழிற்சாலை மெசினுக்குள்ளும் வைத்து, தங்கள் பேரில் விற்றார்கள். மொத்தமாக எடுப்பதால் விலை குறைவு. கடைசி வாடிக்கையாளருக்கு விளக்கம் சொல்வதும் பழுது பார்ப்பதும் அவர்கள் வேலை. விலைக் குறைப்பு சும்மா கிடைக்கவில்லை. பொறுப்பை ஏற்றுக்கொண்டதற்குக் கிடைத்த கூலி அது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

1981 ஓகஸ்ட் 12இல் ஐ.பி.எம். தன்னுடைய பி.சி.யை வெளியிட்டது. அதன் மூளை இன்டெல் செய்த 8088. டிஸ்க் டிரைவ் டான்டன் என்ற கம்பனியுடையது. இயக்க மென்பொருள் மைக்ரோசொப்ட் கொடுத்தது. வெளியே தெரிந்த பேர் ஐ.பி.எம். மட்டும்தான். பழுதானால் ஐ.பி.எம். பதில் சொல்லும்.

மைக்ரோசொப்ட் கொடுத்த அந்த மென்பொருளும் அவர்கள் எழுதியது இல்லை. சியாட்டில் கம்பியூட்டர் புரொடக்ட்ஸ் என்ற சின்னக் கம்பனியிடம் இருந்து 1981 யூலையில் 50,000 டொலர் கொடுத்து முழு உரிமையையும் வாங்கினார்கள். ஆனால் ஐ.பி.எம்.முக்குக் கொடுத்தபோது முழு உரிமையையும் கொடுக்கவில்லை. மற்றவர்களுக்கும் விற்கிற உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். 1982இல் தொடங்கிய கொம்பெக் போன்ற கம்பனிகள் ஐ.பி.எம். மாதிரியே மெசின் செய்ய வந்தபோது, எல்லாரும் மைக்ரோசொப்டிடம்தான் வரிசையில் நிற்கவேண்டி வந்தது.

இதில் ஒரு கிளைக்கதையும் உண்டு. விற்ற சியாட்டில் கம்பனி, தன்னுடைய ஹார்ட்வெயாரோடு சேர்த்து அந்த மென்பொருளை விற்கிற உரிமையை மட்டும் கையில் வைத்திருந்தது. அதாவது ஒரு ஓ.ஈ.எம். உரிமை. பிறகு அந்த உரிமை பற்றி வழக்கு வந்தபோது, 1986இல் மைக்ரோசொப்ட் 925,000 டொலர் கொடுத்து அதை முடித்துக்கொண்டது. முழுப் பொருளின் விலை 50,000. அதை "சேர்த்து விற்கும்" உரிமையின் விலை 925,000! காசு எங்கே இருக்கிறது என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

கேட்காமலே வாங்கிய பொருள்

அடுத்த கட்டம் கொஞ்சம் அநியாயமானது. மைக்ரோசொப்ட் கணினிக் கம்பனிகளோடு "ப்ரொசசருக்கு இவ்வளவு" என்று ஒப்பந்தம் செய்யத் தொடங்கியது. கம்பனி எத்தனை மெசின் விற்கிறதோ அத்தனைக்கும் காசு கட்டவேண்டும். அதில் எம்.எஸ்.டொஸ் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. வேறு கம்பனியின் டொஸ்ஸைப் போட்டால் ரெண்டு பக்கமும் காசு. அப்படி யார் போடுவார்கள்? அமெரிக்க நீதித் திணைக்களம் தலையிட்டு, 1994 யூலையில் செய்த உடன்பாட்டில்தான் இந்த முறை நிறுத்தப்பட்டது.

அதற்குள் பழக்கம் ஊறிவிட்டது. கணினி வாங்கினால் வின்டோஸ் அதோடு வரும், அதற்குத் தனி விலை கிடையாது என்று உலகமே நம்பியது. 1999 பெப்ரவரி 15இல் லினக்ஸ் பாவிக்கிற ஆட்கள் கலிபோர்னியாவில் மைக்ரோசொப்ட் அலுவலகத்துக்கே போய், நாங்கள் பாவிக்காத வின்டோஸுக்குக் காசைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டார்கள். கிடைத்த பதில்: நீங்கள் மெசின் வாங்கிய கம்பனியைக் கேளுங்கள். எனக்கு டிஸ்க் கம்பனி சொன்ன அதே பதில்!

2000ஆம் ஆண்டில் ஜேர்மனியின் உச்ச நீதிமன்றம் வேறு மாதிரித் தீர்ப்புச் சொன்னது. ஓ.ஈ.எம். பிரதியை ஒருதரம் சந்தைக்கு விட்டால், பிறகு அதைக் கணினி இல்லாமல் தனியாக விற்பதை மைக்ரோசொப்ட் தடுக்க முடியாது என்றது. சட்டத்தால் முடியாததைத் தொழில்நுட்பம் செய்தது. 2001இல் வந்த வின்டோஸ் எக்ஸ்.பி. அக்டிவேசன் கேட்டது. ஓ.ஈ.எம். பிரதி மதர்போர்ட்டோடு கட்டப்பட்டது. போர்ட்டை மாற்றினால் உரிமையும் போச்சு. ரீடெய்ல் பிரதியை மட்டும் வேறு மெசினுக்குக் கொண்டுபோகலாம். 2012இல் வின்டோஸ் 8 வந்த பிறகு, புது லெப்டொப்களில் அந்த ஸ்டிக்கர் நம்பர்கூட வெளியே இல்லை. மெசினுக்குள்ளேயே எழுதப்பட்டு வருகிறது.

தட்டில் வரும் ப்ரொசசர்

இன்டெல் தன் ப்ரொசசர்களைக் கணினிக் கம்பனிகளுக்குத் தட்டுத் தட்டாக அடுக்கிக் கொடுக்கும். அதனால்தான் கடையில் "ட்ரே" என்கிறார்கள். காற்றாடி கிடையாது, வொரண்டி விற்ற கடையோடு சரி. பெட்டியில் வருவதற்கு இன்டெல்லே மூன்று வருசம் பொறுப்பு.

1990களில் பென்டியம் காலத்தில் ட்ரே சாமானை வைத்து ஒரு மோசடி நடந்தது. வேகம் குறைந்த சில்லின் மேலே இருந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு, கூடிய வேகத்தின் நம்பரை அச்சடித்து விற்றார்கள். ஊற்றிய இலையைக் காயவைத்து விற்ற அதே கதை. மருந்தும் அதேதான்: முத்திரை போட்ட பெட்டி.

எங்கள் பக்கம்

இலங்கையில் கணினி என்றால் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா என்று சொல்கிற காலம் இருந்தது. இப்போதும் விலை பார்க்க அங்கே போகிறார்கள். எங்கள் ஊர்க்கடைகளில் கிடைக்கும் சாமானும் பெரும்பாலும் கொழும்பு வழியாகத்தான் வருகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதம் 360ஐத் தொட்டது. வெளிநாட்டில் இருந்து வரும் எந்தச் சாமானும் அதோடு ஏறத்தானே செய்யும்? அப்படி ஒரு விலையில் பெட்டி இல்லாத சாமான்தான் எங்கள் மாதிரி ஆட்களுக்குக் கைக்கு எட்டியது.

நான் சொல்வது ஓ.ஈ.எம். வாங்கவே கூடாது என்று இல்லை. 1965இல் அந்தக் குறைந்த விலையை வாங்கியவர் பொறுப்பையும் சேர்த்து வாங்கினார். அவரிடம் ஆள் இருந்தது, பட்டறை இருந்தது. இன்றைக்கு அந்தப் பொறுப்பு பெட்டி இல்லாத சாமானோடு சேர்ந்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல், எங்கள் தலையில் இறங்குகிறது. எங்களிடம் பட்டறை இல்லை. கலவானயில் இருந்து கொழும்புக்கு ஒருதரம் போய்வர ஒரு நாளும் பஸ் காசும் போகும். மூவாயிரம் மிச்சம் என்று கணக்குப் போட்டபோது நான் இதைக் கழிக்கவில்லை.

ஆகவே என் கணக்கு இப்போது இப்படி:

ப்ரொசசர் லேசில் பழுதாகாது. நம்பகமான கடை என்றால் ட்ரே எடுக்கலாம், காற்றாடி விலையையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். டிஸ்க், பவர் சப்ளை ரெண்டும் பெட்டியோடு, இலங்கை ஏஜன்ட்டின் வொரண்டியோடு வாங்குங்கள். போவது இவைதான், டிஸ்க் போனால் உங்கள் எழுத்தும் போகும். வின்டோஸ் லெப்டொப்போடு வந்தால் அதுவே போதும். துண்டு துண்டாக வாங்கிப் பூட்டுகிற ஆட்கள், அடிக்கடி போர்ட் மாற்றுவதாக இருந்தால் மட்டும் ரீடெய்ல் யோசிக்கலாம்.

பில்லை வாசியுங்கள். எங்கள் நாட்டுக் கடைகளில் ஒரு வருச வொரண்டி என்றால் பல இடத்தில் 350 நாள்தான், சின்ன எழுத்தில் இருக்கும். சீரியல் நம்பரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். காசு கொடுக்க முன்னமே, கடையில் நின்றபடி போனில் அந்த நம்பரைப் போட்டுப் பாருங்கள். அது வேறு கம்பனிக்குப் போன சாமான் என்றால் அங்கேயே தெரியும். ஏமாற்றினால், 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான நுகர்வோர் அதிகாரசபை இருக்கிறது. அங்கே போகவும் பில் வேண்டும்.

டிஸ்க் செத்த கதையை அப்பாவிடம் சொன்னேன். பெக்டரியில் மூட்டை கட்டிய மனுசன். "எங்க மூட்டையில பெட்டியும் இல்ல, படமும் இல்ல," என்றார். "ஆனா தோட்டத்து மார்க் இருக்கும், கிரேட் இருக்கும், இன்வொய்ஸ் நம்பர் இருக்கும். தூள் சரியில்லன்னா எந்த பெக்டரின்னு கேட்டு வந்துருவாங்க. ஒன் டிஸ்க்குக்கு யாருன்னு கேட்டுப் போக எடம் இல்லாமப் போச்சே."

அடுத்த டிஸ்க்கை மூவாயிரம் கூடக் கொடுத்துப் பெட்டியோடு வாங்கினேன். அந்த ரெண்டு அத்தியாயத்தையும் மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன்.