ஏர் பியூரிஃபையர்: எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது?

துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகளின் புகை, கொடுங்கையூர் குப்பைமேட்டில் அவ்வப்போது பிடிக்கும் தீ, போகிப் புகை என இவற்றுக்கு நடுவில்தான் புளியந்தோப்பில் வாழ்கிறோம். வீட்டில் வீசிங் உள்ள குழந்தைகளோ பெரியவர்களோ இருந்தால் ஏர் பியூரிஃபையர் உதவும். ஆனால் அது தூசியையும் புகைத் துகள்களையும்தான் பிடிக்கும், விஷவாயுவைத் தடுக்காது.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இப்படிப்பட்ட நேரத்தில் மெஷினை நம்பி வீட்டுக்குள் இருக்கக் கூடாது. ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக வெளியேறி, அதிகாரிகள் சொல்வதைக் கேட்க வேண்டும்.

வாங்கும்போது

'ஹெப்பா' ஃபில்டர் உள்ளதா என்று பாருங்கள். 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தை அது பிடிக்கும். அடுத்து, சி.ஏ.டி.ஆர் எண்ணைப் பாருங்கள். மெஷின் மணிக்கு எத்தனை கன மீட்டர் தூய காற்று தரும் என்பதை அது சொல்லும். 10-க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் சுமார் 34 கன மீட்டர். அந்தக் காற்று மணிக்கு 5 முறை சுத்தமாக 170 தேவை. ஓசோன் வெளியிடும் மெஷின் வேண்டாம். அது நுரையீரலைப் பாதிக்கும்.

பொருத்தும்போது

* ஃபில்டரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையைக் கழற்றிய பிறகே இயக்குங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.
* சுவர், திரைச்சீலையிலிருந்து ஓர் அடியாவது தள்ளி வையுங்கள். மேலே துணி காயப்போட வேண்டாம்.
* எர்த் உள்ள சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகுங்கள். மழைநீர் புகும் தெருவென்றால் உறுதியான மேசை மீது வையுங்கள்.

இயக்கும்போது

வெளியே புகை இருக்கும்போது ஜன்னலை மூடி இயக்குங்கள். சமைக்கும்போது சமையலறை ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

முக்கியமாக, கரித்தணலில் சாம்பிராணி, பகூர் போடும்போது அறையை மூடாதீர்கள். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, உயிரையே பறிக்கும். பியூரிஃபையர் அதைத் தடுக்காது. ஜன்னலைத் திறந்து புகை போடுங்கள். தணலை வெளியே எடுத்த பிறகு மெஷினைப் போடுங்கள்.

பராமரிப்பு

பிளக்கைக் கழற்றிவிட்டு, முன்பக்க வலையை 2 வாரத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். கழுவலாம் என்று கையேடு சொன்னால் ஒழிய ஹெப்பாவைக் கழுவ வேண்டாம். கறுத்துப்போன ஃபில்டரைத் தட்டி உதறாமல் பையில் கட்டிப் போட்டுவிட்டுப் புதிது மாற்றுங்கள்.

மெஷின் ஓடுகிறது என்பதற்காக வீசிங் மருந்தையும் இன்ஹேலரையும் நிறுத்திவிடாதீர்கள். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.