தூரமானிக் கமராவும் துணைக்கருவிகளும்

வினை செய்வார்க்கு வேண்டுவன இவையெனக் கூறப் புகுந்த திருவள்ளுவர், கருவியையும் காலத்தையும் ஒருங்கு வைத்து எண்ணினார். இடனறிதலுக்கெனத் தனி அதிகாரமும் வகுத்தார். ஏருக்கும் போருக்கும் பொருந்தும் இவ்வுண்மை ஒளிப்படக் கருவிக்கும் பொருந்துவதே. உயர்ந்த விலையில் தூரமானிக் கமரா ஒன்றை வாங்கும் ஒருவர், அதனோடு எவற்றைச் சேர்த்து வாங்குவது, எவற்றை விடுவது என்று மயங்குவது இயல்பு. கடைக்காரரின் பட்டியலோ நீளமானது. வாங்குவோரின் பணப்பை குறுகியது. இம்மயக்கத்தைத் தீர்ப்பதற்குக் கண்டி நாட்டின் ஒளிப்பட வரலாறு நல்ல துணையாகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கமராவினும் அதன் துணைப்பொருள்களே பெரியனவாக இருந்தன. 1851ஆம் ஆண்டில் பிரெடரிக் ஸ்கொட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தட்டு முறையில், கண்ணாடித் தட்டின்மீது மருந்து பூசி, அஃது உலருமுன் படம் பிடித்து, அந்த இடத்திலேயே கழுவியெடுத்தல் வேண்டும். ஆகவே, படப்பிடிப்பாளன் செல்லுமிடமெல்லாம் இருட்டுக் கூடாரமும், மருந்துப் புட்டிகளும், கண்ணாடித் தட்டுகளும், முக்காலியும் உடன் சென்றன. கண்டியில் தொழில் நடத்திய யோசப் லோட்டன், 1870, 1871ஆம் ஆண்டுகளில் தொல்லியற் குழுவினருக்காக அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா ஆகிய இடங்களின் இடிபாடுகளை இவ்வாறே படம்பிடித்தார். காடு மூடிக் கிடந்த அவ்விடங்களுக்கு அச்சுமைகள் சென்ற வகையை எண்ணிப் பார்த்தால், துணைக்கருவி என்னும் சொல்லின் கனம் விளங்கும். அவருக்குப் பின் கண்டியில் நிலையம் நடத்திய சாள்ஸ் ஸ்கோவன், பேராதனைப் பூங்காவின் மரங்களையும் செடிகளையும் பெரிய தட்டுகளில் நுணுக்கமாகப் பதித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆனந்த குமாரசுவாமியின் துணைவியார் எதெல் அம்மையார் கண்டி நாட்டுக் கைவினைகளைப் படம்பிடித்தார். 1908இல் வெளிவந்த குமாரசுவாமியின் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலுக்கு அப்படங்கள் சான்றாக நின்றன.

இச்சுமையை இறக்கிவைத்தவருள் முதன்மையானவர் ஜேர்மனியில் வெட்ஸ்லார் நகரத்து லைட்ஸ் தொழிற்சாலையிற் பணியாற்றிய ஓஸ்கார் பர்னாக். மூச்சிரைப்பு நோயால் வருந்திய அவருக்குப் பாரமான கமராவைத் தூக்கி மலையேறுதல் இயலாததாயிற்று. திரைப்படச் சுருளில் 24க்கு 36 மில்லிமீற்றர் அளவான சிறு படம் எடுத்து, அதனைப் பின்னர் பெரிதாக்கும் வழியை அவர் வகுத்தார். அவ்வழியிற் பிறந்த லைக்கா, 1925ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில் அறிமுகமாயிற்று.

இங்கு ஒரு செய்தி கருதத்தக்கது. அந்த முதல் லைக்காவினுள் தூரமானி இல்லை. தூரத்தை அளக்க விரும்பியவர் தனியொரு தூரமானியை வாங்கிக் கமராவின் தலைமீது செருகிக்கொண்டார். அது காட்டிய அளவைப் படித்து, வில்லையைக் கையால் திருப்பி அமைத்தார். 1932இல் வந்த இரண்டாம் லைக்காவிலேயே தூரமானி உடலினுள் புகுந்து வில்லையோடு இணைந்தது. இரண்டு சிறு பலகணிகள் வழியே வரும் இரண்டு பிம்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தும்போது தூரம் சரியாக அமைந்தது என்பதே அதன் நெறி. நில அளவையாளர் முக்கோணத்தால் தூரம் காணும் கணக்கும் இதுவே. ஆக, இன்று இவ்வகைக் கமராவுக்குப் பெயர் தந்து நிற்கும் உறுப்பே முன்னொரு நாள் துணைக்கருவியாக வெளியே நின்றது.

பின்னைய வரலாறும் இவ்வழியே சென்றது. பேராதனையில் இலங்கைப் பல்கலைக்கழகம் முறைப்படி திறந்துவைக்கப்பட்ட 1954 ஏப்ரில் மாதத்திலேயே, கொலோன் நகரக் கண்காட்சியில் லைக்கா எம் 3 அறிமுகமானது. காட்சிகாணியும் தூரமானியும் அதில் ஒரே பலகணியாயின. மூன்று வில்லைகளுக்குரிய சட்டங்கள் உள்ளேயே தோன்றின. தனித்தனிக் காட்சிகாணிகளை வாங்கும் தேவை அதனாற் குறைந்தது. ஆயினும் ஒளிமானி வெளியேதான் இருந்தது. கமராவின் மேல் அதனைப் பொருத்தவேண்டியிருந்தது. 1971இல் வந்த எம் 5இல் அதுவும் உள்ளே புகுந்தது. அண்மைப் படங்களுக்காக விற்கப்பட்ட விசோபிளெக்ஸ் என்னும் கண்ணாடிப் பெட்டி 1984இல் நின்றது. 2012இல் அறிவிக்கப்பட்ட எம் கமராவில், வில்லை காணும் காட்சியைப் பின்புறத் திரையிலேயே பார்க்கும் வசதி வந்தது.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. 2006இல் வந்த, எம் வரிசையின் முதல் எண்ணியல் லைக்காவான எம் 8இன் உணரி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியையும் ஏற்றது. கரிய செயற்கை இழைத் துணிகள் படத்தில் ஊதா கலந்த செந்நிறமாயின. அதனைத் தடுக்கும் வடிகண்ணாடி, அதுவரை எவரும் எண்ணாத இன்றியமையாப் பொருளாயிற்று. வாங்கியோருக்கு அந்நிறுவனமே இரண்டு வடிகண்ணாடிகளை இலவசமாக அளித்தது. 2009இல் வந்த எம் 9இல் அத்தேவை நீங்கியது.

இவ்வரலாற்றிலிருந்து ஒரு விதி புலனாகின்றது. எல்லார்க்கும் பொதுவான தேவையைத் தொழிற்சாலை நாளடைவில் கருவியினுள் அடக்கிவிடுகின்றது. அடக்க இயலாது வெளியே எஞ்சுபவை, பயன்படுத்துவோர் வாழும் இடத்தையும் அவர் மேற்கொண்ட வினையையும் பொறுத்த தேவைகளே. வெட்ஸ்லார் நகரத்தார்க்குப் பேராதனையின் மழை தெரியாது. எனவே துணைக்கருவியைத் தேர்வோர் பட்டியலை நோக்குமுன் தம் ஊரை நோக்குதல் வேண்டும்.

பேராதனை கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 460 மீற்றர் உயரத்தில், மகாவலி வளைந்தோடும் கரையில் அமைந்தது. மழையும் ஈரமும் ஆண்டின் பெரும்பகுதியில் நீங்குவதில்லை. இங்கே கமராவின் முதற் பகை பூஞ்சணம். ஈரக்காற்றில் இருட்டில் வைக்கப்பட்ட வில்லையினுள் அது சிலந்தி இழைபோலப் படர்ந்து, கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். கடையில் முதலாவதாகக் காட்டப்படும் அழகிய தோலுறையோ ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் பொருள். பயணத்துக்கு அது பயன்படலாம்; வீட்டில் அதனுள் கமராவைப் பூட்டி வைத்தல் பூஞ்சணத்துக்கு விருந்திடுவதாகும். காற்றுப் புகாத பெட்டியும், சிலிக்கா ஜெல் பொட்டலமும், ஈரத்தைக் காட்டும் சிறு ஈரமானியுமே இங்கு முதலில் வாங்கத்தக்கவை. பெட்டியினுள் ஈரப்பதன் நூற்றுக்கு 40 முதல் 50 வரை நின்றாற் போதும். ஈரம் ஏறிய சிலிக்கா ஜெல்லைச் சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம்.

இரண்டாவது, வில்லை மூடி. சிறிய இப்பொருள் தூரமானிக் கமராவில் இருமுகம் உடையது. இக்கமராவில் படமெடுப்போர் வில்லையின் வழியே பார்ப்பதில்லை. வேறொரு பலகணி வழியே பார்க்கின்றனர். ஆதலால் மூடியைக் கழற்ற மறந்தாலும் காட்சி தெளிவாகவே தெரியும். பிலிமில் மட்டும் ஒன்றும் பதியாது. அவ்வாறாயின் மூடியே வேண்டாமெனலாமோ எனின், அதுவும் ஆகாது. பழைய பிலிம் லைக்காக்களின் மூடுதிரை துணியாலானது. அதனை மறைக்க உள்ளே கண்ணாடி இல்லை. நண்பகலில் வில்லை வானை நோக்கிக் கிடந்தால் சூரியன் திரையில் துளையிட்டுவிடும். நடக்கும்போது மூடியும், கண்ணருகே கொண்டுசெல்லும்போது கழற்றும் பழக்கமும் ஒருங்கே வேண்டும்.

மூன்றாவது, வில்லைக்கு முன் பொருத்தும் நிழற்குழல். பூங்காவின் பனையின மரச்சாலைகளில் இலைகளினூடே பக்கவாட்டில் விழும் வெயில், படத்தை வெளிறச் செய்யும். குழல் அதனைத் தடுக்கும். காட்சிகாணியை மறைக்காவண்ணம் பக்கத்தில் துளைவிட்ட குழலே இவ்வகைக் கமராவுக்கு ஏற்றது. வடிகண்ணாடியைப் பொறுத்தவரை, கறுப்பு வெள்ளைப் பிலிம் பயன்படுத்துவோர்க்கு மஞ்சள் ஒன்று போதும்; அது வானைச் சற்றுக் கருமையாக்கி முகிலை எடுத்துக்காட்டும். எண்ணியல் கமராவுக்கு அதுவும் கட்டாயமன்று. எசல பெரகராவின்போது தீப்பந்தங்களைப் படம்பிடிப்போர் முன்கண்ணாடி யாவற்றையும் கழற்றிவிடுதல் நன்று. இன்றேல், சுடரின் போலிப் பிம்பங்கள் படத்தில் மிதக்கும். அவ்விரவுக்கு மின்னொளிக் கருவியைவிட, ஒளியை மிகுதியாக ஏற்கும் வில்லை ஒன்றே தக்கது. பந்தத்தின் ஒளியிலேதான் அவ்விழாவின் அழகு நிற்கின்றது; மின்னொளி அதனை அழித்துவிடும்.

எண்ணியல் கமராவாயின் மேலதிக மின்கலம் ஒன்றும் நினைவுத் தகடு ஒன்றும் வேண்டும். ஆர்க்கிட் மலரையோ ஏட்டுச் சுவடியையோ மிக அண்மையில் படம்பிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர், பல துணைக்கருவிகளை வாங்கித் தூரமானிக் கமராவை அதற்கு வளைப்பதினும், அவ்வேலைக்கு உரிய வேறு கமராவை நாடுதல் சிக்கனம்.

இறுதியாக, எந்தக் கடையின் பட்டியலிலும் காணப்படாத துணைக்கருவி ஒன்றுண்டு. அது சிறு குறிப்பேடும் பென்சிலும். 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் மலைநாட்டிலே மறைந்த யூலியா மாகிரட் கமரன் அம்மையார் உலகறிந்த ஒளிப்படக் கலைஞர். இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களிலுள்ள அறிஞர்களின் பெயரை உலகம் அறியும். இலங்கையில் அவர் படம்பிடித்த தொழிலாளர் பலர் பெயரின்றியே நிற்கின்றனர். அக்காலத்து நிலையங்கள் விற்ற படங்களிலும் இந்நிலையே. நிலையத்தின் பெயர் அடியில் உண்டு. படத்திலுள்ளவரோ வெறுமனே தமிழ்ப் பெண் என்றும் தேயிலைத் தோட்டத் தொழிலாளி என்றும் குறிக்கப்பட்டார். முகம் எஞ்சியது, பெயர் மறைந்தது. தம் பாட்டியின் பாட்டி அப்படங்களுள் ஒருத்தியாக இருக்கலாம் என்று எண்ணும் மலையகத்துக் குடும்பத்தார்க்கு, அதனை அறிய வழியில்லை.

ஒரு வரி எழுதியிருந்தால் அவ்வழி அடைபட்டிராது. ஆகவே, பணம் அளவோடு இருப்பவர் உலர்பெட்டியை முதலில் வாங்குக. நிழற்குழலை அடுத்து வாங்குக. தோலுறையையும் வடிகண்ணாடி வரிசையையும் பின்னுக்குத் தள்ளுக. சில ரூபாய் விலையுள்ள குறிப்பேட்டை மட்டும் முதல் நாளே பையில் இடுக. படத்திலிருப்பவரின் பெயர், ஊர், நாள் ஆகிய மூன்றும் அதில் ஏறட்டும். கமரா முகத்தைக் காக்கும். பெயரைக் காப்பது எழுத்தே.