வண்டி ஓட்டும் ஊழியரின் பாதுகாப்பு: முதலாளிகள் செய்ய வேண்டியவை

ஜவுளிக்கடை, மளிகை மொத்த வணிகம், உணவகம், தோல் தொழில் என நம்மில் பலர் தொழில் நடத்துகிறோம். சரக்கு வேனோ டெலிவரி பைக்கோ ஓட்டும் ஊழியர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். "நம் ஆட்கள் குடிப்பதில்லை" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். ஆனால் தூக்கமின்மையும் சில மாத்திரைகளும்கூட ஓட்டுநரின் நிதானத்தைக் கெடுக்கும். இவற்றில் பலவற்றைத் தடுப்பது முதலாளியின் கையில்தான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவின்படி, 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வண்டி ஓட்டுவது குற்றம். முதல் முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். போதைப்பொருள் உட்கொண்டு ஓட்டுவதும் இதே பிரிவில் வரும். இக்குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது 188-வது பிரிவு. மேலும், வேலை நேரத்தில் ஊழியர் ஏற்படுத்தும் விபத்துக்கான இழப்பீட்டுப் பொறுப்பு வண்டி உரிமையாளரையும் சேரும்.

தூக்கமின்மையும் போதைதான்

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மி.லி. இரத்தத்தில் 50 மி.கி. ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுவதை 1997-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. இது நம் நாட்டின் சட்ட வரம்பைவிட அதிகம்.

ஃபஜ்ருக்காக 5 மணிக்கு எழுந்தவர் பகல் முழுக்கக் கடையில் நின்றால், இரவு 10 மணிக்கு 17 மணி நேரம் ஆகிவிடும். கடை அடைத்த பிறகு அவரையே திருச்சியிலிருந்து சென்னைக்குச் சரக்கெடுக்க அனுப்பினால் என்ன ஆகும்? அதிகாலை 2 முதல் 6 மணி வரை உடல் இயல்பாகவே தூக்கத்தைக் கேட்கும் நேரம்.

நாம் செய்ய வேண்டியவை

1. பகலில் கடை வேலை பார்த்தவரை இரவுப் பயணத்துக்கு அனுப்பக் கூடாது. தொலைதூரம் சென்றவர் அங்கேயே தங்கி உறங்கித் திரும்ப, அறை வாடகையும் படியும் கொடுக்க வேண்டும்.

2. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்த அளவுகளை வழிகாட்டியாகக் கொள்ளலாம்: நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை; 5 மணி நேரத்துக்குள் அரை மணி நேரமாவது ஓய்வு.

3. சளி, அலர்ஜிக்கு எடுக்கும் குளோர்பெனிரமின் போன்ற மாத்திரைகள் தூக்கம் வரவழைப்பவை. மருந்து எடுத்திருக்கிறாரா என்று கேட்டு, அன்று வேறு வேலை தரலாம்.

4. இரவில் அதிகம் குடித்தவரின் இரத்தத்தில் காலையிலும் ஆல்கஹால் இருக்கக்கூடும். காபியோ குளியலோ அதைக் குறைக்காது. மூச்சுப் பரிசோதனைக் கருவி வைத்தால், முதலாளியின் மகன் உட்பட வண்டி எடுக்கும் எல்லோருக்கும் அது பொதுவாக இருக்கட்டும்.

5. பழக்கத்துக்கு அடிமையானவரை உடனே வேலையிலிருந்து விரட்டினால், மற்றவர்கள் மறைக்கவே கற்பார்கள். முதலில் அவரிடமிருந்து சாவியை வாங்கிவிட வேண்டும். பிறகு சிகிச்சைக்கு வழிகாட்ட வேண்டும். மத்திய அரசின் போதை மீட்பு இலவச உதவி எண் 14446.

6. ரமளானில் தராவீஹ், ஸஹர் காரணமாக உறக்கம் இரண்டு துண்டாகிறது. அந்த மாதத்தில் நீண்ட பயணங்களைக் குறைத்து, பிற்பகலில் ஓய்வு கொடுப்போம். இஃப்தாருக்கு வீடு போய்ச் சேரும் அவசரத்தில் வேகமெடுக்காதபடி முன்கூட்டியே வேலையை முடித்து அனுப்புவோம்.

"இன்று என்னால் ஓட்ட முடியாது" என்று ஊழியர் சொன்னால், அன்றைய சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் அடுத்த முறை அவர் சொல்ல மாட்டார். கண் செருகச் செருக வண்டியை எடுப்பார். சரக்கு ஒரு நாள் தாமதமாக வந்தால் வரும் நஷ்டத்தை நாம் ஈடுகட்டிவிடலாம். அவரை எதிர்பார்த்து வீட்டில் காத்திருக்கும் குடும்பத்துக்கு நம்மால் எதைக் கொடுத்து ஈடுகட்ட முடியும்?