புலம்பெயர் லுத்தரன் சபைகளும் குழாய் ஆர்கனும்: பிலடெல்பியா – தரங்கம்பாடி ஓர் ஒப்பீடு

முன்னுரை

புலம்பெயரும் மக்கள் தம் வழிபாட்டில் எவற்றைக் கொண்டு செல்கின்றனர், எவற்றை இழக்கின்றனர் என்பது சமூக வரலாற்றின் அடிப்படை வினாக்களுள் ஒன்று. தென்தில்லியின் முனிர்கா, இராமகிருஷ்ணபுரம் முதலிய பகுதிகளில் குடியேறிய தமிழரைக் குறித்து இன்று எழுப்பத்தக்க இவ்வினா, பதினெட்டாம் நூற்றாண்டில் கடல் கடந்த ஐரோப்பிய லுத்தரன் கிறித்தவர்களுக்கும் பொருந்துவதாகும். அவர்தம் வழிபாட்டிசையையும் குழாய் ஆர்கனையும் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹாலேயின் இரு கிளைகள்

ஜெர்மனியின் ஹாலே நகரில் பிராங்கே நிறுவிய கல்வி, அறநிலையங்கள் இரு திசைகளில் ஊழியர்களை அனுப்பின. சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று டேனியக் குடியிருப்பான தரங்கம்பாடியில் இறங்கினார். மூலன்பர்க் 1742இல் பென்சில்வேனியாவை அடைந்தார். மூலன்பர்க்கை இந்தியாவுக்கு அனுப்பும் எண்ணமும் முன்னர் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. இரு களங்களிலிருந்தும் வந்த மடல்களை ஹாலே அறிக்கைகளாக அச்சிட்டு வெளியிட்டது. எனவே இவ்விரண்டையும் ஒரு தாயின் இரு பிள்ளைகளாகக் கருதி ஒப்பிடுதல் பொருந்தும்.

பிலடெல்பியாவில் ஆர்கன்

பிலடெல்பியாவில் ஆர்கன் இசை மூலன்பர்க்குக்கு முன்னரே ஒலித்தது. சுவீடன் நாட்டுக் குடியேறிகள் 1700இல் எழுப்பிய குளோரியா டேயி ஆலயத்தில் 1703 நவம்பர் 24 அன்று ஜஸ்டஸ் பால்க்னர் குருப்பட்டம் பெற்றபோது ஆர்கன் இசைக்கப்பட்டது. அமெரிக்கக் குடியேற்றங்களின் ஆலயங்களில் ஆர்கன் ஒலித்தமைக்குரிய மிகப் பழைய சான்றுகளுள் இது ஒன்று.

ஜெர்மானியர்க்குரிய தூய மிக்கேல் ஆலயம் 1748இல் அருட்பொழிவு பெற்றது. அதற்கெனக் கைல்பிரான் நகரில் செய்யப்பெற்ற ஆர்கனுடன் 1750இல் பயணம் செய்தவர் மிட்டல்பெர்கர் என்னும் பள்ளி ஆசிரியர். அவர் நாடு திரும்பியபின் 1756இல் வெளியிட்ட பயண நூல், அக்கப்பலில் பசியாலும் நோயாலும் மக்கள் பட்ட துன்பத்தை விரித்துரைக்கிறது. முப்பத்திரண்டு குழந்தைகள் இறந்து கடலில் இடப்பட்டதாக அவர் எழுதுகிறார். கரை சேர்ந்தோருள் பயணக் கட்டணம் செலுத்த இயலாதோர் சில ஆண்டுகள் கட்டுழைப்புக்கு விற்கப்பட்டனர். புலம்பெயர் சபையின் பெருமிதச் சின்னமாகிய ஆர்கன் எத்தகைய விலையின் நடுவே வந்தது என்பதை இந்நூல் உணர்த்துகிறது.

சபை பெருகவே 1769இல் சீயோன் ஆலயம் எழுந்தது. அதற்கென டேவிட் டானன்பெர்க் அமைத்த பேரார்கன் 1790இல் இசைக்கப்பட்டது. 1794 டிசம்பர் 26 அன்று நேர்ந்த தீயில் அது ஆலயத்தோடு அழிந்தது. டானன்பெர்க் மொரேவிய சபையினர். பென்சில்வேனியாவில் வாழ்ந்தே லுத்தரன் ஆலயங்களுக்கும் கருவிகள் செய்தவர். யார்க் நகரின் லுத்தரன் ஆலயத்தில் தம் இறுதி ஆர்கனை நிறுவும் பணியின்போது 1804இல் இறந்தார். அவ்வார்கன் அவர்தம் இறுதிச் சடங்கில் ஒலித்தது. கருவியை இறக்குமதி செய்த சமூகம் அரை நூற்றாண்டுக்குள் அதனைத் தன் மண்ணிலேயே செய்துகொள்ளும் நிலையை எய்தியது எனலாம்.

ஆயினும் ஆர்கன் நிலைபெற்ற அளவுக்கு மொழி நிலைபெறவில்லை. வழிபாட்டில் ஆங்கிலத்துக்கு இடம் வேண்டும் என்ற பிரிவினருக்கும் ஜெர்மன் மொழியே நீடிக்க வேண்டும் என்றோருக்கும் இடையே பூசல் வளர்ந்தது. ஆங்கிலப் பிரிவினர் 1806இல் விலகித் தூய யோவான் சபையை நிறுவினர்.

தரங்கம்பாடியில் பாடல்நூல்

தரங்கம்பாடியிலும் குடியேறிகளின் ஆலயம் உண்டு. டேனியர் தமக்கென 1701இல் சீயோன் ஆலயத்தை எழுப்பினர். ஆனால் ஹாலே ஊழியர் நாடியது தமிழ் மக்களையே. அவர்களுக்கெனப் புதிய எருசலேம் ஆலயம் 1718இல் அருட்பொழிவு பெற்றது. காற்றுத் துருத்தி, தோல், மரம், பசை, ஈயக் கலவைக் குழாய் ஆகியவற்றால் அமையும் ஆர்கன், ஈரக் கடற்காற்றிலும் கறையான் மண்ணிலும் ஓயாத பேணலை வேண்டுவது. பாடல்நூலோ அச்சகம் இருந்தால் போதும் என்ற நிலையுடையது. தரங்கம்பாடியில் அச்சகம் இருந்தது. ஜெர்மன் மெட்டுகளுக்கு இசைய மொழிபெயர்க்கப்பட்ட ஞானப்பாட்டுகள் அங்கு அச்சாயின. ஆகவே தமிழ் லுத்தரன் மரபில் கடல் கடந்து வந்து வேரூன்றியது கருவியைக் காட்டிலும் மெட்டே எனலாம்.

இம்மெட்டுக்கு எதிர்நிலையில் தமிழிசை எழுந்தது. சுவார்ட்சிடம் பயின்ற தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கீர்த்தனைகளையும் பெத்லகேம் குறவஞ்சியையும் இயற்றினார். தஞ்சைச் சபை ஆங்கிலிக்கன் அமைப்பின் கைக்கு மாறியபின், புதிய குருமார்கள் தமிழ்ப் பாடல்களையும் இசையையும் வழிபாட்டிலிருந்து விலக்க முயன்றனர். சாஸ்திரியார் இதனைத் தம் 1829ஆம் ஆண்டு முறையீட்டில் கொடுமைகளுள் ஒன்றாகக் குறித்தார். வேதாகமத் திருத்தம், பூக்களைத் தடுத்தல், சாதி வேறுபாட்டை நீக்கிச் சேர்ந்தமரச் செய்தல் ஆகியனவும் அப்பட்டியலில் இடம்பெற்றன. இசையுரிமை கோரிய அதே குரல் சாதிப் பிரிவினையையும் காத்தது என்னும் உண்மையை மறைத்தல் தகாது. 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானபோது ஞானப்பாட்டு, கீர்த்தனை என்னும் இரு மரபுகளும் அதன் உடைமையாயின.

இவ்விரண்டுக்கும் பொதுவான கருவியாயிற்று ஆர்மோனியம். பாரிசில் தெபைன் என்பவர் 1842இல் உரிமம் பெற்ற கால்துருத்திக் கருவி, கல்கத்தாவில் கைத்துருத்தியாக மாறி எங்கும் பரவியது. குழாய் ஆர்கன் ஆலயத்தோடு பிணைந்தது. ஆர்மோனியமோ ஒருவர் கையில் சுமந்து செல்லத்தக்கது. வாடகைக் கூடத்தில் கூடும் புலம்பெயர் சபைக்கு இவ்வெளிமையே வாய்ப்பாகும்.

முடிவுரை

இவ்வொப்பீட்டால் பெறப்படுவன:

1. குடியேறிகளே சபையாராகவும், ஆர்கன் செய்வோர் அருகிலிருந்தும் அமைந்த பிலடெல்பியாவில் குழாய் ஆர்கன் வேரூன்றியது. மண்ணின் மக்களே சபையான தரங்கம்பாடியில் மெட்டு நூலேறி நிலைபெற்றது.

2. ஆர்கன் இருந்தும் ஜெர்மன் மொழியைக் காக்க இயலவில்லை. கருவி ஓசையைக் காக்குமேயன்றிச் சொல்லைக் காப்பதில்லை.

3. தஞ்சையிலும் பிலடெல்பியாவிலும் பூசல் எழுந்தது எவர் மொழியில், எவர் இசையில் பாடுவது என்பது பற்றியே.

தில்லி போன்ற நகரங்களில் பிறந்து, தமிழ் பேசினும் எழுத்தறியாது வளரும் தலைமுறைக்குக் கீர்த்தனை நூல் எவ்வாறு பயன்படும் என்பது மேலாய்வுக்குரியது. 1806இன் பிளவு அதற்கு முன்னெச்சரிக்கையாக அமைகிறது.